30 அங்குல உயரத் தொட்டியில் பவளம் வளர்க்கக் கட்டுப்படியாகும் விளக்கு எது?

கேள்வி: அலைவாய் (திருவான்மியூர்)

அனைவருக்கும் வணக்கம். நன்னீர் மீன்களை நெடுநாள் வளர்த்துவந்த நான், கொளத்தூரில் ஒருவர் கைமாற்றிய கடல்நீர்த் தொட்டி ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறேன். நீளம் 36 அங்குலம், அகலம் 24, உயரம் 30; ஏறத்தாழ 425 லிட்டர் கொள்ளும். சம்ப் (நீரைச் சுத்திகரிக்கும் கீழ்த்தொட்டி), ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிப்பது), ரிட்டர்ன் பம்ப் (நீரை மேலே திருப்பி அனுப்புவது) எல்லாம் தொட்டியோடு வந்துவிட்டன. விளக்கு மட்டும் இல்லை. அடியில் 2 அங்குல மணலும் மேலே 2 அங்குல இடைவெளியும் போக, நீரின் ஆழம் 26 அங்குலம், அதாவது 66 சென்டிமீட்டர் இருக்கும்.

விளக்குக்காக நான் ஒதுக்கியிருப்பது 20,000 ரூபாய். ராடியான், கெஸ்ஸில் போன்ற விலையுயர்ந்த எல்.இ.டி. விளக்குகள் அந்த வரம்புக்குள் வராது. கேட்ட இடமெல்லாம் வேறு வேறு யோசனை சொல்கிறார்கள். இவ்வளவு ஆழத்துக்கு 400 வாட் மெட்டல் ஹாலைடு என்னும் உயர்திறன் விளக்கைத் தவிர வேறு எதுவும் அடிவரை எட்டாது என்றார் ஒரு கடைக்காரர். '165 வாட்' என்று விற்கப்படும் கறுப்பு எல்.இ.டி. பெட்டிகள் இரண்டு போதும் என்பது இன்னொருவர் கருத்து. மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் உதிரிபாகங்களை வாங்கி நாமே செய்துகொள்ளலாம் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார். டி5 குழல்விளக்கே பவளத்துக்கு உகந்தது என்பாரும் உண்டு.

முதலில் ஜோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளங்களை வைக்க விரும்புகிறேன். பிற்காலத்தில் அக்ரோபோரா போன்ற கடினப் பவளங்களையும் வைக்க ஆசை உண்டு. எங்கள் வீட்டில் இரண்டு மாத மின்பயன்பாடு கோடையில் 500 யூனிட்டை ஒட்டி வந்துவிடுவதால், மின்கட்டணமும் எனக்கு முக்கியம். தொட்டியின் பின்கண்ணாடியில் பழைய உரிமையாளர் வெளிப்பக்கமாகக் கறுப்பு வண்ணம் பூசியிருக்கிறார். அதனால் வெளிச்சம் குறையுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1: பவளத்திட்டு (அண்ணா நகர்)

வணக்கம் ஐயா. எத்தனை வாட் வேண்டும் என்று தொடங்குவதைவிட, எந்தப் பவளம் எந்த உயரத்தில் அமரப்போகிறது, அந்த இடத்தில் அதற்கு எவ்வளவு ஒளி தேவை என்று தொடங்கினால் உங்கள் பணம் வீணாகாது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து அதற்கு உணவூட்டுகிறது. அந்தப் பாசிக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைத்தான் 'பார்' என்ற அளவால் குறிக்கிறோம்; ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடிக்கு விழும் மைக்ரோமோல் என்பது அதன் அலகு. வெப்பமண்டலக் கடற்பரப்பில் உச்சிவேளையில் அது 2000 வரை போகும். தொட்டியில் நமக்கு அவ்வளவு தேவையே இல்லை. மஷ்ரூமுக்கு 50 முதல் 100, ஜோவாந்தஸுக்கும் லெதருக்கும் 80 முதல் 150 இருந்தால் நன்றாக வளரும். அக்ரோபோராவுக்கு 250-க்கு மேல் வேண்டும். எனவே, '30 அங்குலத்துக்கு எது எட்டும்' என்ற கேள்விக்கு, அடியில் மஷ்ரூம் என்றால் ஒரு பதிலும் அக்ரோபோரா என்றால் வேறொரு பதிலும்தான் சொல்ல முடியும்.

ஆழத்தைக் கண்டு பலரும் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். தெளிந்த நீர் 66 சென்டிமீட்டருக்குள் விழுங்கும் ஒளி மிகக் குறைவு. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். பவளப்பாசிக்கு மிகவும் பயன்படும் 450 நானோமீட்டரை ஒட்டிய நீலமோ ஓரிரு சதவீதம் குறைவதே அரிது. நீர் மஞ்சளித்திருந்தால் மட்டும் கதை மாறும்: கரைந்த கரிமப் பொருள் முதலில் உறிஞ்சுவது இந்த நீலத்தைத்தான். ஆகவே சம்பில் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் எப்போதும் இருக்கட்டும். அடிவரை வெளிச்சம் சேர்க்க அதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

உண்மையான இழப்பு, ஒளி பரந்து சிதறுவதால் வருவது. அதிலும் பெரும்பகுதி விளக்குக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே, காற்றிலேயே நடந்துவிடுகிறது. 90 பாகை லென்ஸ் பொருத்திய ஓர் எல்.இ.டி. நீரிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் இருக்கிறதோ, நீர்ப்பரப்பில் அதன் ஒளிவட்டத்தின் ஆரமும் அத்தனை அங்குலம். 24 அங்குல அகலத் தொட்டியின் நடுவே, 8 அங்குல உயரத்தில் தொங்கினால் ஒளி முழுவதும் நீருக்குள் போகும். 18 அங்குலத்துக்கு உயர்த்தினால் கணிசமான பகுதி உங்கள் தரையில் விழும். நீருக்குள் நுழைந்துவிட்ட ஒளி அவ்வளவு எளிதில் தப்பாது. ஒளிவிலகலால் கதிர்கள் செங்குத்தை நோக்கித் திரும்புவதால், பக்கக் கண்ணாடியில் சாய்வாகப் பட்டு, பள்ளிப் பாடத்தில் படித்த முழு அக எதிரொளிப்பால் மீண்டும் உள்ளேயே திரும்புகின்றன. துடைத்த கண்ணாடி கிட்டத்தட்ட முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலவே நின்று ஒளியைக் கீழே அனுப்புகிறது. பாசி படர்ந்த கண்ணாடியோ அதைக் குடித்துவிடுகிறது. பார்வைக்கு வசதியாக முன்கண்ணாடியை மட்டும் துடைப்பவர்கள் ஆழத்தொட்டியில் பக்கங்களையும் துடைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உங்கள் பின்கண்ணாடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்தச் சுவரில் எதிரொளிப்பு நடக்காது. பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு கறுப்பு அட்டையைக் கண்ணாடியில் ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால், பின்னணியும் கறுப்பாகவே தெரியும், ஒளியும் மிஞ்சும். நான்கு சுவர்களில் ஒன்றுதான் என்பதால் இது கட்டாயமில்லை. ஆனால் தொட்டி காலியாக இருக்கும்போதே செய்துவிட்டால் எளிது.

இனி, எதை வாங்குவது? 165 வாட் கறுப்புப் பெட்டிகள் இரண்டு என்பதே என் தேர்வு. 36 அங்குல நீளத்துக்கு ஒற்றை விளக்கு, அது எவ்வளவு உயர்ந்ததானாலும், இரு ஓரங்களையும் நிழலில் விட்டுவிடும். மலிவான இரண்டு, விலையுயர்ந்த ஒன்றைவிடச் சீராகப் பரப்பும். அந்தப் பெயரில் உள்ள 165 என்பது 55 எல்.இ.டி.களை 3 வாட்டால் பெருக்கி வந்த எண். அவற்றை முழு 3 வாட்டில் ஓட்டுவதில்லை என்பதால், ஒரு பெட்டி மின்சாரம் இழுப்பது பெரும்பாலும் 100 முதல் 130 வாட்தான். நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனித் திருகு இருக்கும். நீலம் 70, வெள்ளை 20 சதவீதம் என்ற அளவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து 100 வாட்டை ஒட்டி நிற்கும். நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்றால் 0.9 யூனிட், இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். கடைக்காரர் சொன்ன 400 வாட் மெட்டல் ஹாலைடு, பலாஸ்ட் (அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இழப்பையும் சேர்த்தால், அதே நேரத்துக்கு 235 யூனிட்டுக்கு மேல் போகும். 500 யூனிட்டைத் தாண்டும்போது கீழ்ப்படிகளின் கட்டணமும் மாறிவிடுவதால், உங்கள் வீட்டில் அது பட்டியலையே புரட்டிப்போடும். போதாக்குறைக்கு அதன் வெப்பம் நேராக நீரில் இறங்கும். சென்னை மே மாதத்தில் அதைத் தணிக்கச் சில்லர் வாங்க வேண்டியிருக்கும். ஆழத்துக்கு ஊடுருவுவதில் மெட்டல் ஹாலைடு சிறந்தது என்பதை மறுக்கவில்லை; ஆனால் இந்த ஊரில், இந்தப் பவளங்களுக்கு, அது வேண்டாத செலவு.

டி5 ஒளி நிழலின்றி மென்மையாகப் பரவும். எனினும் 24 அங்குலத்துக்கு மேற்பட்ட ஆழத்தில் வலுக் குறைவு. குழல்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். நல்ல நீலக் குழல்கள் இங்கே எளிதில் கிடைப்பதும் இல்லை. ஆகவே அதை விட்டுவிடலாம்.


பதில் 2: மின்கம்பி (மாம்பலம்)

ரிச்சி தெருவைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடு), டிரைவர் (எல்.இ.டி.க்கு மின்சாரம் தரும் சுற்று), ராயல் புளூ எல்.இ.டி., லென்ஸ் என எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கிச் செய்ய முடியும். பற்றவைக்கப் பழகிய கை இருந்தால் அது நல்ல விளக்காகவும் அமையும். ஆனால் கறுப்புப் பெட்டிகள் மலிந்துவிட்ட பிறகு இதில் மிச்சமாகும் பணம் சொற்பம். அலுமினியத் தகட்டோடு எல்.இ.டி. சரியாகப் படியாமல், இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட் ஒரு மூலையில் விட்டுப்போனால்கூட, அந்த எல்.இ.டி. மட்டும் சூடேறி நிறம் மங்கிப்போகும். எனவே புதியவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ரிச்சி தெரு உங்களுக்குக் கைகொடுக்கப்போவது, வாங்கிய பெட்டியைப் பழுதுபார்க்கும்போதுதான். இந்தப் பெட்டிகளில் முதலில் போவது விசிறி, அடுத்தது டிரைவர். இரண்டும் அங்கே சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள்கள் என்பதே இவற்றை வாங்குவதற்கு ஒரு நல்ல காரணம்.

வாங்குமுன் கடையிலேயே இரண்டு விஷயங்களைச் சோதியுங்கள். பெட்டியை அரை மணி நேரம் முழு ஒளியில் எரியவிட்டு மேற்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு கொதித்தால் உள்ளே காற்றோட்டம் சரியில்லை. அடுத்து, எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் காப்பு டயோடு உண்டா என்று கேளுங்கள். எல்.இ.டி.கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், அது இல்லாத பெட்டியில் ஒன்று அறுந்தாலே அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். இருந்தால் பழுது அந்த ஒன்றோடு நின்றுவிடும்.

திருவான்மியூர் என்கிறீர்கள். தொட்டியின் உப்புத் தெறிப்போடு கடற்காற்றின் உப்பும் சேரும் இடம் அது. நீரை நோக்கிய கண்ணாடித் தகட்டில் வெள்ளைப் புள்ளிகளாகத் தொடங்கும் உப்பு, சில வாரங்களில் பால்போலப் படிந்து ஒளியைக் கண்முன்னே குறைத்துவிடும். வாரம் ஒருமுறை, விளக்கை அணைத்து ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். விசிறியின் இறக்கையில் படியும் உப்புத்தூளைப் பழைய பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

இதைவிட முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டிக்குப் போகும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் நீருக்கு மேலே எந்த விளக்கையும் தொங்கவிடாதீர்கள். ஒயர் பிளக்கை அடையுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியைச் சுவர்த்தாங்கியில் தொங்கவிடுவதோடு நிறுத்தாமல், அறுந்தாலும் நீரில் விழாதபடி இரண்டாவது கம்பி ஒன்றையும் கட்டுங்கள். இன்வெர்ட்டர் வைத்திருந்தால் விளக்கை அதில் இணைக்க வேண்டாம். மின்தடையின்போது சில மணி நேர இருட்டு பவளத்துக்கு ஒன்றும் செய்யாது. நீரோட்டம் நின்றால்தான் ஆக்சிஜன் குறைந்து ஆபத்து. பேட்டரியின் ஆற்றல் முழுவதும் பம்புக்கே போகட்டும்.


மீண்டும் அலைவாய்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விளக்கு எது என்பதில் தெளிவு வந்துவிட்டது. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. பார் மீட்டர் இல்லாமல் எந்த அளவில் வைப்பது என்று எப்படி முடிவுசெய்வது? பிற்காலத்தில் அக்ரோபோரா வைப்பதாக இருந்தால், இப்போதே சற்றுக் கூடுதல் ஆற்றலுள்ள விளக்காக வாங்கிவிடுவது நல்லதா?


பதில் 3: மன்னார் நீர் (தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வந்தவன்)

அக்ரோபோராவுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், அவற்றோடு கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவையும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள் என்பதால் அது சட்டத்துக்கு உட்பட்டதாகிவிடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அங்கிருந்து பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டட வேலைக்கும் வெட்டியெடுத்தார்கள். எஞ்சியிருப்பதில் ஒரு கிளைகூட நம் வரவேற்பறைக்கு வர வேண்டியதில்லை. 'லைவ் ராக்' என்ற பெயரில் விற்கப்படும் பவளக்கல்லுக்கும் இது பொருந்தும். செயற்கைப் பீங்கான் பாறைகளை வாங்கிக்கொள்ளுங்கள். சில மாதங்களில் பாசியும் நுண்ணுயிரும் படிந்து இயற்கைப் பாறையைப் போலவே வேலை செய்யும்.

இந்த வரம்புக்குள் நின்றால், உங்கள் விளக்குச் சிக்கல் பாதியாகிவிடுகிறது என்பதையும் பாருங்கள். நீங்கள் சொன்ன மூன்று வகைகளும் மிதமான ஒளியில் வளர்பவை. பாறையை நடுவில் 14, 15 அங்குல உயரத்துக்குக் காற்றும் நீரும் புகும்படி இடைவெளி விட்டு அடுக்குங்கள். லெதர் மேலே, ஜோவாந்தஸ் இடையில், மஷ்ரூம் அடிவாரத்திலும் மணலை ஒட்டிய நிழலிலும் அமரட்டும். ஆழமான தொட்டி இங்கே குறையாக இல்லாமல், ஒரே விளக்கில் மூன்று வகை வெளிச்சத்தைத் தரும் வசதியாகிவிடுகிறது.

எந்த அளவில் வைப்பது என்பதற்கு, பவளமே நல்ல கருவி. ஜோவாந்தஸ் போதிய ஒளி பெறும்போது காம்பு குட்டையாக இருக்கும், வட்டுகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பாய் விரித்தாற்போலப் படியும். ஒளி போதாவிட்டால் ஒவ்வொரு காம்பும் நீண்டு மேல்நோக்கி எட்டும். மஷ்ரூம் இதற்கு மாறாக, ஒளி மிகுந்தால் ஓரங்களைச் சுருட்டிக்கொண்டு சிறுத்துவிடும்; இருண்ட இடத்தில் அகலமாக விரியும். நிறம் பழுப்பாக மாறினால் ஒளி குறைவு என்றும், வெளிறினால் ஒளியோ வெப்பமோ மிகுதி என்றும் கொள்ளலாம். ஒளியும் வெப்பமும் சேர்ந்து தாக்கும்போதுதான் பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளிறுகிறது. 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறிய கோடைகளில் மன்னார் வளைகுடாவிலேயே அது பரவலாக நடந்தது. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் நீர் 29 பாகையைத் தாண்டும் நாள்களில் நீலத்தையும் வெள்ளையையும் சிறிது இறக்கிவிடுங்கள்.


மீண்டும் பவளத்திட்டு

மன்னார் நீர் சொன்ன அறிகுறிகளோடு, அளப்பது பற்றியும் கொஞ்சம் சேர்க்கிறேன். கைபேசியில் உள்ள லக்ஸ் செயலியின் எண்ணைப் பார் அளவாக மாற்ற முயலாதீர்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் உணர்திறனை ஒட்டியது. பச்சைக்கு மிகுந்த மதிப்பும் நீலத்துக்கு மிகக் குறைந்த மதிப்பும் தருவது. நீலம் மிகுந்த நம் விளக்கின் கீழ் அது உண்மையைவிட மிகக் குறைத்தே காட்டும். சூரிய ஒளிக்குரிய வாய்ப்பாட்டை இங்கே பயன்படுத்தினால், போதாது என்று எண்ணி விளக்கைக் கூட்டிப் பவளத்தை வாட்டிவிடுவோம். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அது உதவும்: இன்று துடைத்த தகட்டின் கீழ் ஒரே இடத்தில் குறித்த எண், அடுத்த மாதம் எவ்வளவு குறைந்தது என்று காணலாம்.

சரியான அளவுக்கு, நீரில் மூழ்கவைக்கும் அப்போஜி எம்.கியூ-510 போன்ற கருவி வேண்டும். அதன் விலை உங்கள் விளக்கு ஒதுக்கீட்டைவிட மிகுதி. ஒருவர் தனியாக வாங்க வேண்டிய பொருளன்று. சென்னையில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விட்டால் அனைவருக்கும் பயன்படும். தொட்டி அமைத்தபின் ஒருமுறை, லென்ஸ் அல்லது உயரம் மாற்றினால் இன்னொருமுறை என்று அளந்தாலே போதும். மணல் மட்டத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும், பாறை உச்சியிலும் அளந்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள்.

அதுவரை நீலம் 40, வெள்ளை 10 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் கூட்டாமல், முன்பு சொன்ன 70-க்கும் 20-க்கும் படிப்படியாகப் போங்கள். கூட்டிய வாரத்தில் மஷ்ரூம் சுருங்கினால் பழைய அளவுக்கே இறங்கி, இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். இரண்டு பெட்டிகளையும் ஒரே டைமரில் இணைக்காமல் இரண்டு டைமர் வாங்கி, ஒன்று காலை 11 மணிக்கும் மற்றது நண்பகல் 12 மணிக்கும் எரியும்படி வையுங்கள்; இரவு 8 மணிக்கு முதலாவதும் 9 மணிக்கு இரண்டாவதும் அணையட்டும். ஒவ்வொன்றும் 9 மணி நேரம் எரியும், மீன்களும் திடீர் இருட்டில் மிரளாது, வேலை முடிந்து வீடு திரும்பும் நீங்களும் தொட்டியைப் பார்க்கலாம். பெட்டிகளுக்கும் தாங்கிக்கும் டைமர்களுக்கும் போக மிஞ்சும் தொகையில் முதலில் அந்த ஆர்.சி.சி.பி.யை வாங்கிவிடுங்கள்.